அய்யம்மாள் சொல்ல வந்த படம்

கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்முகராஜை அது இவ்வளவு உறுத்தியிருக்காது. போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பான். அவனோ அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, மூன்று நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, ரசித்து ரசித்துச் செய்தான். அந்த ரசனையை நினைக்கும்போதுதான் அவனுக்குச் சோறு இறங்காமல் போனது.

அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. மதுரையில் இண்டர்மீடியட் பரீட்சையில் கோட்டைவிட்டு, தேனியில் ஜேசுராஜ் என்பவர் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவில் வேலை கற்றுக்கொள்ள வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வேலை என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கு முகம் சுண்டிப்போகும். 'படக்கலை மாணவன்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வான். அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. அன்றன்றைக்குப் பார்த்த முகங்கள், வெளிச்சம் விழுந்த விதம், கலையைப் பற்றித் தனக்குத் தோன்றிய மேலான எண்ணங்கள் எல்லாவற்றையும் அதில் எழுதி வைப்பான். 'உள்ளதைக் காட்டக் கண்ணாடி போதும். உள்ளதை உயர்த்திக் காட்டவே கலைஞன் வேண்டும்' என்று ஒரு பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான். எழுதியதைத் தானே நாலு தரம் படித்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிற வயசுதானே!

நாற்பத்து மூன்றாம் வருஷம். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜேசுராஜ் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போடிக்குப் போயிருந்த சந்தை நாளில், உச்சிப் பொழுதுக்கு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். பெயர் அய்யம்மாள் என்றாள். வருசநாட்டுக்கும் அந்தப் பக்கம் ஊர். புளி மூட்டை ஏற்றிவந்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவள், சந்தையில் இரண்டு கோழிகளை விற்றுவிட்டு நேரே ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள்.

"ஒரு படம் எடுக்கணும் தம்பி. எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல இருக்காக. அவுகளுக்கு அனுப்பணும்."

தண்டட்டி போட்டு வளர்ந்த காது. அந்தக் கனத்தில் இழுபட்டுத் தோள் வரைக்கும் தொங்கியது. ஆனால் காதில் ஒன்றுமில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சண்முகராஜ் உடனே அலமாரியைத் திறந்து, வந்தவர்களுக்கு மாட்டிவிடுவதற்கென்றே வைத்திருந்த முலாம் நகைப் பெட்டியை எடுத்தான். எல்லா ஸ்டுடியோவிலும் உள்ள வழக்கம்தான். வீட்டில் குந்துமணி தங்கம் இல்லாதவர்களும் படத்தில் செட்டியார் வீட்டு மருமகள் மாதிரி இருப்பார்கள்.

"இந்தத் தண்டட்டிய மாட்டிக்கங்கக்கா. படத்துல தங்கம் கணக்காவே விழும்."

"வேணாம் தம்பி."

"மூளிக் காதோடவா எடுக்கப் போறீக?"

"ஆமா. இப்பிடியேதான் எடுக்கணும்."

சரி, ரோஷக்காரி என்று நினைத்துக்கொண்டான். மாளிகைப் படிக்கட்டும் அன்னப்பறவையும் தீட்டிய திரையை இறக்கினான். அவள் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தச் சீலையச் சுருட்டிருங்க. வெறுஞ் செவுரு போதும்" என்றாள். நாற்காலியில் உட்காரவைத்துக் கையைக் கோத்து மடியில் வைக்கச் சொன்னான். அவள் இரண்டு உள்ளங்கையையும் கேமராவுக்குத் தெரியும்படி விரித்து வைத்தாள். அவன் போய்க் கோத்துவிட்டான். திரும்பி வருவதற்குள் மறுபடியும் விரித்தாள். மறுபடியும் கோத்துவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். லென்ஸ் மூடியை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்போது அந்தக் கைகள் விரிந்துதான் இருந்தன. கண்ணைக் கொட்டாமல் கேமராவையே பார்த்தாள்.

இத்தனையையும் அவன் பார்க்காமல் இல்லை. பார்த்தான், நோட்டிலும் எழுதினான்: 'வருசநாட்டுப் பெண். வெற்றுக் காது, வெற்றுச் சுவர், விரித்த கை. வறுமையிலும் ஒரு பிடிவாதம். அபூர்வமான முகம்.' கவனிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லைதான். ஆனால், 'ஏங்க்கா இப்படி?' என்று ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

போகும்போது அவள் இடுப்புச் செருகலிலிருந்து ஒரு பழைய தபால் உறையை எடுத்துக் கொடுத்தாள். பட்டாள விலாசம், இங்கிலீஷில், நம்பர் நம்பராக.

"ஊருக்கு அனுப்பிராதீக தம்பி. இந்த வெலாசத்துக்கு நேரா அனுப்பிருங்க. நான் திரும்பி வரத் தோதுப்படாது."

கண்ணாடி பிளேட்டைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தபோது சண்முகராஜுக்குக் கை துறுதுறுத்தது. கண்ணுக்குக் கீழே குழி, ஒட்டிய கன்னம், துருத்திய எலும்பு. இந்த முகத்தை இப்படியே அனுப்பினால் தூர தேசத்தில் இருக்கிற புருஷன் மனசு என்ன பாடுபடும்? பாவம், நகை கேட்கக் கூச்சப்பட்டாள்; நாமாகச் செய்துகொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்? இப்படி அவனே கேள்வி கேட்டு, அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

படத்தைத் திருத்துகிற டச்சிங் பலகையில் பிளேட்டைச் சாய்த்துவைத்து, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். கூர் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக் கண்ணின் குழியை நிரப்பினான், கன்னத்தை உப்பவைத்தான். எலும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தைச் சின்னக் கத்தியால் சுரண்டி அடக்கி, தடம் தெரியாமல் பென்சிலால் மூடினான். கடைசியாக மையைத் தொட்டு, இரண்டு காதிலும் இரண்டு தண்டட்டி வரைந்தான். நெகட்டிவில் கறுப்பாக வரைந்தது காகிதத்தில் தங்கமாக மின்னியது. காய்ப்பு ஏறிய அந்தக் கைகள் மட்டும் முகத்தோடு ஒட்டவில்லை. அதற்கும் வழி இருந்தது. சுற்றிலும் மங்கலாகக் கரைந்துபோகிற மாதிரி முட்டை வடிவத்தில் மார்புக்கு மேல் மட்டும் அச்சிட்டான். கைகள் போன இடம் தெரியவில்லை.

படம் பட்டாளத்துக்குப் போயிற்று. இன்னொரு பிரதியைப் பெரிதாகப் போட்டுக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினான். போடியிலிருந்து வந்த ஜேசுராஜ், "அடேய், கையில வித்தை வச்சிருக்கியேடா!" என்று தோளைத் தட்டினார். பெரியகுளத்திலிருந்து வந்த ஒருவர், தன் மகளையும் இதே மாதிரி லட்சுமிகரமாக எடுக்க வேண்டும் என்று காத்திருந்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினான். அதில் 'நான்' என்ற வார்த்தை பதினேழு இடத்தில் வந்தது. பிற்பாடு அவனே எண்ணிப் பார்த்தான்.

நாலு மாதம் கழித்து அய்யம்மாள் மறுபடியும் வந்தாள்.

உள்ளே இருந்தவன், அவள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தான். பாராட்டைக் கேட்கிற ஆசையில் வேகமாக வெளியே வந்தான்.

"இது யாரு தம்பி?"

அவன் சிரித்தான். "நல்லாப் பாருங்கக்கா. நீங்கதான்."

அவள் நெருங்கிப் பார்த்தாள். கை தன்னாலே காதுக்குப் போய் வெறும் சதையைத் தடவியது. பிறகு படத்தில் மடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"இதத்தான் அவுகளுக்கு அனுப்புனீகளா?"

"ஆமாக்கா, இதேதான். ஏன், நல்லா இல்லையா?"

அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் எங்க வீட்டுல என் கொழுந்தன் சின்னக்கருப்பு ஒருத்தன்தான். அவுக எழுதுறது அவன் கைக்கு வரும். நான் சொல்லச் சொல்ல பதிலும் அவன்தான் எழுதுவான். எந் தண்டட்டியக் கழத்தி வாங்குனதும் அவன்தான். வீட்ட விட்டுத் தொழுவத்துக்குத் தள்ளி, ஊரான் காட்டுக்குக் கூலிக்குப் பத்திவிட்டதும் அவன்தான். ஆனா காயிதத்துல மட்டும் நான் எப்பவும் சௌக்கியமா இருப்பேன்."

சண்முகராஜ் திரும்பிக் கண்ணாடிப் பெட்டியில் மின்னிய தண்டட்டிகளைப் பார்த்தான்.

"அதான் யோசிச்சேன். எழுத்தத்தான மாத்துவாக, படத்த எவன் மாத்தப் போறான்? காதப் பாத்தா வெளங்கிரும். கையப் பாத்தா வெளங்கிரும். பின்னால வெறுஞ் செவுத்தப் பாத்தா, எனக்கு வீடு வாசல் இல்லைங்கறதும் வெளங்கிரும். லீவு கேட்டு வந்துருவாகன்னு இருந்தேன். போன மாசம் காயிதம் வந்துச்சு. சின்னக்கருப்பு அத ஊர் மந்தையில வச்சு எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் படிச்சான். 'அவ படம் வந்துச்சு, பூரிச்சுப் போயிருக்கா, உன்னைய நான் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்க தம்பி, லீவு கேட்டிருந்தேன், இனி அவசரமில்ல, வேண்டாம்னு சொல்லிட்டேன்'னு எழுதியிருக்காக. நான் திருட்டுத்தனமாப் படம் எடுத்தது அதுலதான் அவனுக்குத் தெரிஞ்சுச்சு. தொழுவத்துலயும் இருக்கக்கூடாதுன்னுட்டான்."

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் பேச வந்திருக்கிறாள். வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாமல், காதையும் கையையும் சுவரையும் வைத்து ஒவ்வொன்றாக யோசித்து ஒரு பேச்சைக் கட்டிக்கொண்டு, அத்தனை மைல் தாண்டி வந்திருக்கிறாள். அவனோ அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் தேடித்தேடி அழித்துவிட்டு, அதன் மேல் தன் சாமர்த்தியத்தை எழுதி அனுப்பியிருக்கிறான். கலைஞனாம்!

"அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்தான்.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஜேசுராஜ், "ஏத்தா, நாங்க எல்லாருக்கும் செய்றதுதான இது. எவளும் அழகா இருக்கேனேன்னு சண்டைக்கு வந்ததில்ல" என்றார். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நியாயம் சண்முகராஜுக்கு எங்கேயும் போய் ஒட்டவில்லை.

இன்னொரு படம் எடுக்கலாமென்றால் அன்றைக்குக் கடையில் பிளேட் இல்லை. சண்டைக் காலத்தில் மதுரையிலேயே எப்போதாவதுதான் கிடைத்தது. அவளுக்கும் நேரமில்லை. மேகமலை எஸ்டேட்டுக்கு ஆள் பிடித்துப்போகிற கங்காணி சின்னமனூரில் காத்திருப்பதாகச் சொன்னாள். ஏலக்காட்டு வேலை.

"மொத எடுத்த கண்ணாடியில நான் இன்னும் இருக்கேனா தம்பி?" என்று கேட்டாள். "இருந்தா அதுல இருந்து எடுத்து அனுப்புங்க."

"இருக்கீகக்கா. கண்டிப்பா அனுப்புறேன்" என்றான்.

அவள் போனதும் முதல் வேலையாகக் கண்ணாடிப் பெட்டியிலிருந்த படத்தைக் கழற்றினான். பிளேட்டை எடுத்து, டர்ப்பன்டைன் தொட்ட பஞ்சால் பென்சில் வேலையைத் துடைத்தான். தண்ணீரில் மை கரைந்தது, தண்டட்டிகள் போயின. குழிந்த கண்ணும் ஒட்டிய கன்னமும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. கத்தியால் சுரண்டிய இடம் மட்டும் திரும்பவில்லை. கன்னத்து எலும்பின் மேல் நகக்கீறல் போல ஒரு கறுப்புத் தடம் நின்றுவிட்டது. எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. கையும் மடியும் சுவரும் தெரிய முழுப் படத்தையும் அச்சிட்டான்.

கூடவே கடிதம் எழுதினான். நோட்டில் எழுதுகிற அலங்காரம் ஒன்றும் அதில் இல்லை. 'ஐயா, முதலில் அனுப்பியது நான் திருத்திய படம். காதில் இருந்த நகை நான் வரைந்தது. கன்னமும் நான் நிரப்பியது. இப்போது அனுப்பியிருப்பதே உண்மை. தங்கள் மனைவி மிகவும் கஷ்டத்தில் இருக்கிறார். குற்றம் என்னுடையது' என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, சின்னக்கருப்பு செய்ததையும் விவரமாக எழுதினான். தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினான்.

பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் அவன் டச்சிங் பலகையில் உட்காரவில்லை. கண்வலி என்று சாக்குச் சொன்னான். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் ஒன்றுக்கு நாலு கேள்வி கேட்டான். சிலருக்கு எரிச்சல் வந்து, "படத்த எடுப்பா, பஞ்சாயத்தா பண்ற?" என்று கேட்டார்கள்.

கடிதம் வந்த மறுநாளே, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸைப் பிடித்துச் சின்னமனூரில் இறங்கி மலை ஏறினான். பாதை முழுக்கக் கல்லும் சேறும். வழியெல்லாம் சட்டைக்குள் கடிதம் கனத்தது. அதை அவன் ஏற்கெனவே படித்திருந்தான். அய்யம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் எதைப் படித்தாலும் அவளுக்கு அதுதான் கடிதம். 'நம்புறாரு, வரப்போறாரு' என்று இரண்டு வரி சேர்த்துப் படித்தால் அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்தான். நினைத்த மாத்திரத்தில் அவனுக்குப் பயம் வந்தது. மறுபடியும் கை துறுதுறுக்கிறதே! சின்னக்கருப்பும் இப்படித்தானே ஒவ்வொரு வரியாகச் சேர்த்திருப்பான்?

அன்றைக்கு எஸ்டேட்டில் அரை நாள் வேலை. கூலி ஆட்கள் குடியிருந்த லயன் வீட்டு வரிசையில் கடைசி அறை அவளுடையது. அவன் காலில் ஏறியிருந்த அட்டைகளைப் பார்த்து, "உக்காருங்க தம்பி" என்று உப்பு எடுத்துவந்து ஒவ்வொன்றாக உதிர்த்தாள். ரத்தம் நின்ற பிறகுதான், "பதில் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்திருக்குக்கா. நல்லதா இல்ல. இருக்கறத இருக்கறபடியே படிக்கிறேன்."

"படிங்க."

படித்தான்.

'மகாராஜராஜஸ்ரீ போட்டோ கடைக்காரர் அவர்களுக்குச் சிப்பாய் ஒச்சாண்டி எழுதிக்கொண்டது. தாங்கள் அனுப்பிய இரண்டாவது படமும் கடிதமும் வந்து சேர்ந்தன. என் பெண்சாதி கூலி ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிற அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன். படக்காரர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு குடும்பத்தில் கலகம் உண்டாக்கப் பார்க்கிறார்கள் என்று தம்பி முன்னமே எழுதியிருந்தான். முதல் படத்தைத் திருத்தினேன் என்று தாங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படித் திருத்தத் தெரிந்தவர், இரண்டாவதைத் திருத்தவில்லை என்பதற்கு என்ன சாட்சி? அவள் கன்னத்தில் கத்தி போட்ட தடம் இருக்கிறதை நானும் பார்த்தேன், கூட இருக்கிற சிப்பாய்களும் பார்த்தார்கள். முதல் படத்தில் அப்படி ஒரு தடமும் இல்லை. முதல் படம்தான் என் பெண்சாதி. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தூங்கும்போதும் எடுப்பதில்லை. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.'

அவன் நிமிரவில்லை. பக்கத்து அறையில் யாரோ ஏலம் பரப்புகிற சத்தம் கேட்டது.

"அந்தச் சட்டப் பைன்னு வந்துச்சே, அத இன்னொரு வாட்டி படிங்க" என்றாள் அய்யம்மாள்.

படித்தான். 'அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தூங்கும்போதும் எடுப்பதில்லை.'

அவள் முகத்தில் வெட்கம் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம்கூட அது நிலைக்கவில்லை.

"நல்லாத்தான் வச்சிருக்காக" என்றாள். "ஆனா அது நான் இல்லையே தம்பி."

"அக்கா, என்னைய நாலு வார்த்தை வஞ்சிருங்க. மனசு ஆறல."

"வஞ்சு என்ன செய்ய?" அவள் உப்புச் சிரட்டையை எடுத்து மூலையில் வைத்தாள். "சண்ட முடிஞ்சு ஒருநா அவுக வருவாக. அந்தப் படத்தக் கையில வச்சுக்கிட்டு என்னையத் தேடுவாக. என்னைய நேர்ல பாத்தா, எவளோ ஒருத்தின்னு தாண்டிப் போயிருவாகளோன்னுதான் பயமா இருக்கு."

வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

"உங்களுக்கு எழுதுனதுதான?" என்றாள். "நீங்களே வச்சுக்கங்க."